பழைய ஆங்கில இலக்கியத்தில் ‘ஆங்கிலேயர்’ அடையாளத்தைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜாரோ மடத்துத் துறவி பீட், 731ஆம் ஆண்டில் முடித்த தம் லத்தீன் நூலுக்கு ‘ஆங்கிலேய இனத்தாரின் திருச்சபை வரலாறு’ என்று தலைப்பிட்டார். அந்தத் தலைப்பைக் கண்டதுமே, அப்போதே இங்கிலாந்து என்றொரு நாடும் அதன் மக்களென்று தம்மை உணர்ந்த ஓரினமும் இருந்தன என்று முடிவு கட்டுவதுதான் இத்துறையில் மிகப் பரவலான தவறு. பீட் வாழ்ந்த காலத்தில் நார்தம்பிரியா, மெர்சியா, வெசெக்ஸ், கென்ட், கிழக்கு ஆங்கிலியா எனப் பல அரசுகள் தனித்தனியே இருந்தன. அவை ஒன்றோடொன்று போரிட்டும் வந்தன. பீடே நார்தம்பிரியர், ஹம்பர் ஆற்றுக்குத் தெற்கிலிருந்த அரசுகளெல்லாம் மெர்சிய மன்னர் எதெல்பால்டுக்கு அடங்கியிருந்ததைத் தம் நூலின் இறுதிப் பகுதியில் அவரே குறிப்பிடுகிறார்.

அவர் ஓரினம் என்று எழுதியது எந்த அரசையும் மனத்தில் வைத்தன்று, திருச்சபையை வைத்தே. 597இல் போப் கிரகோரி அனுப்பிய அகஸ்டின் கென்ட் நாட்டில் வந்திறங்கினார். கென்ட் மக்கள் ஆங்கிள் குலத்தார் அல்லர், கடல்கடந்து வந்த இன்னொரு குலமான ஜூட் குலத்தார் என்பது பீடின் கணக்கு. ஆனால் கிரகோரி கென்ட் மன்னர் எதெல்பெர்ட்டுக்கு எழுதிய கடிதத்தில் அவரை ‘ஆங்கிலேயரின் அரசர்’ என்றே விளித்தார். ரோமிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்தக் குலப் பிரிவுகள் பொருட்டாகப் படவில்லை. பின்னர் 669இல் கேன்டர்பரிக்கு வந்து சேர்ந்த பேராயர் தியோடரையே, ஆங்கிலேயத் திருச்சபை முழுவதும் கீழ்ப்படிந்த முதல் பேராயர் என்கிறார் பீட். அந்தத் தியோடர் ஆசியா மைனரின் தார்சு நகரில் பிறந்த கிரேக்கர் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஓரினத்தின் ஒற்றுமைக்கு முதல் வடிவம் கொடுத்தவர்களுள் வெளியாருக்கு இருந்த பங்கு, பாடநூல்களில் பெரும்பாலும் ஒரு வரியோடு கடந்துவிடுகிறது.

இதையொட்டிய இன்னொரு தவறு, ஆங்கிள், சாக்சன், ஜூட் ஆகிய மூன்று குலங்கள் ஐந்தாம் நூற்றாண்டின் நடுவில் வந்து குடியேறின என்ற பீடின் கூற்றை நேரில் கண்டவர் சாட்சியம்போல் எடுத்தாள்வது. அவர் அந்நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் எழுதினார். அதே நூலின் ஐந்தாம் புத்தகத்தில் பிரிட்டனில் குடியேறியோரின் மூதாதையரைப் பட்டியலிடும்போது பிரீசியர், டேனியர், ஹூணர் முதலியோரையும் சேர்க்கிறார். முதல் பட்டியல் எளிதாக நினைவில் நிற்கும் என்பதால் அது மட்டுமே திரும்பத் திரும்ப மேற்கோளாகிறது.

நம் கல்லூரிகளில் ஆங்கில இலக்கிய வரலாறு பெரும்பாலும் ‘பேவுல்ஃப்’ காவியத்தில் தொடங்குவதால், அதை ஆங்கிலேயரின் தேசியக் காவியம் என்று எழுதிவிடும் வழக்கமும் உண்டு. அதன் கதை டேனியர் நாட்டிலும் (டென்மார்க்) இன்றைய தெற்கு ஸ்வீடனிலிருந்த கீட் மக்களின் நாட்டிலும் நடக்கிறது. பிரிட்டன் தீவு கதைக்களமாகவே வருவதில்லை. கிடைத்திருக்கும் ஒரே கையெழுத்துப்படி 1000ஆம் ஆண்டையொட்டியது. காவியம் இயற்றப்பட்ட காலம் இன்றும் விவாதத்துக்குரியது. கடலுக்கு அப்பாலான பழம்பெருமையை ஆங்கிலேயர் ஏன் விரும்பிக் கேட்டார்கள் என்பது நல்ல கேள்விதான். ஆனால் அதற்கும் தேசியக் காவியம் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கருத்துக்கும் தொடர்பு இல்லை.

ஆல்ஃபிரடை ‘இங்கிலாந்தின் முதல் மன்னர்’ என்பது அடுத்த தவறு. 871 முதல் 899 வரை ஆண்ட அவர் வெசெக்ஸ் மன்னர்; காலப்போக்கில் மெர்சியாவின் மேற்குப் பகுதியும் அவர் மேலாண்மைக்குள் வந்தது. வடக்கும் கிழக்கும் டேனியர் கையில் இருந்தன. அவருடைய அவையிலிருந்த வேல்ஸ் நாட்டுத் துறவி ஆசர், 893இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் ‘ஆங்கிலோ-சாக்சன் மன்னர்’ என்ற பட்டத்தைத் தந்தார். ஆங்கிள், சாக்சன் என்ற இரு மக்களை ஒரே ஆட்சிக்குள் அடக்கும் பட்டம் அது. போப் கிரகோரியின் நூலொன்றைத் தாய்மொழியில் பெயர்த்து ஆயர்களுக்கு அனுப்பியபோது, அதன் முன்னுரையில் ஆங்கிலேய இனம் முழுவதிலும் கல்வி சிதைந்துவிட்டதாக ஆல்ஃபிரட் வருந்தினார். இருப்பதை விவரிக்கும் வாக்கியமாக மட்டும் அதைப் படித்தால் பாதிப் பொருள் போய்விடும். தம் ஆட்சி எட்டாத இடத்தாரையும் தம்மவராகச் சேர்த்துப் பேசும் அரசியல் அதில் இருக்கிறது. யார்க் நகரம் வெசெக்ஸ் அரச மரபின் கைக்கு வந்தது அவருடைய பேரர் ஏதெல்ஸ்டன் காலத்தில், 927இல்தான். 937இல் ஏதெல்ஸ்டன் படை வென்ற புரூனன்பர் போரைப் பாடும் கவிதைகூட, வென்றவர்களை மேற்குச் சாக்சன்கள், மெர்சியர்கள் என்று தனித்தனியே பெயர் சொல்லியே புகழ்கிறது. முடிவில்தான், ஆங்கிள்களும் சாக்சன்களும் கடல்கடந்து வந்த நாள்முதல் இத்தகைய பேரழிவு நேர்ந்ததில்லை என்று ‘நூல்கள் சொல்வதாக’ இருவரையும் ஒரே வரலாற்றுக்குள் கொண்டுவருகிறது.

தாய்மொழியில் எழுதப்பட்டவற்றை மட்டும் பார்த்து லத்தீனை ஒதுக்குவதும் சரியன்று. வெசெக்ஸ் பகுதியிலிருந்து ஜெர்மனிக்குச் சென்று சமயப்பணி செய்த போனிஃபேஸ், 738ஐ ஒட்டி ஆங்கிலேயர் அனைவருக்கும் எழுதிய லத்தீன் மடலில், ஐரோப்பியக் கண்டத்திலேயே இருந்த, கிறித்தவராகாத சாக்சன்களுக்காக வேண்டிக்கொள்ளும்படி கேட்கிறார். ‘நாம் ஒரே இரத்தம், ஒரே எலும்பு’ என்று அவர்களே சொல்வதாகவும் எழுதுகிறார். எல்லாருக்குமாக ஒரே மடல் எழுதலாம் என்று அவருக்குத் தோன்றியது, சொந்த நாட்டைவிட்டு வெகுதொலைவில் இருந்தபோது.

கடைசியாக, இந்த அடையாளம் நேர்கோட்டில் வளர்ந்து வெற்றியில் முடிந்ததாகக் கதை சொல்லக் கூடாது. ஆறாம் நூற்றாண்டு வாக்கில் எழுதிய கில்டாஸ், சாக்சன்களுக்கு முன்பே தீவில் வாழ்ந்த பிரித்தானியர்; அவர், சாக்சன்களின் வருகையைத் தம் மக்களின் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை என்றார். 1014இல் டேனியத் தாக்குதல்களுக்கு நடுவே யார்க் பேராயர் உல்ஃப்ஸ்டன், அதே கில்டாஸைப் பெயர் சொல்லி, பிரித்தானியர் நாடிழந்த கதையை ஆங்கிலேயருக்கே எச்சரிக்கையாக எடுத்துரைத்தார். இரண்டே ஆண்டுகளில் டேனியரான நூட் இங்கிலாந்தின் அரியணை ஏறினார். அவருக்கும் சட்டங்களை வகுத்துக் கொடுத்தவர் அதே உல்ஃப்ஸ்டன்.