ஆய்வு முன்மொழிவு: திரும்பி வந்த வரைவைச் சரிசெய்த விதம்

'தமிழ்நாட்டில் நிலத்தடி நீர் மாசு' என்பது என் முதல் வரைவின் தலைப்பு. அது மூன்று பேருக்கான வேலை என்று திரும்பி வந்தது. தருமபுரி மாவட்டத்தின் ஒரே வட்டம், ஃபுளோரைடு மட்டும், மழைக்கு முன்னும் பின்னும் அளவு மாறுகிறதா என்ற ஒரே கேள்வி எனச் சுருக்கியதும் மற்றதெல்லாம் தானாக ஒழுங்குக்கு வந்தது.

முன்னாய்வுப் பகுதியில் (ஏற்கெனவே வந்த கட்டுரைகளை அலசும் பகுதி) 'இவர் இதைக் கண்டார், அவர் அதைக் கண்டார்' என்று அடுக்கக் கூடாது. ஒவ்வொரு கட்டுரைக்கும் இடம், பருவம், மாதிரி எண்ணிக்கை, அளந்த முறை என ஒரு அட்டவணை போடுங்கள். காலியாக நிற்கும் கட்டம்தான் உங்கள் ஆய்வு இடைவெளி.

செய்முறையில் கணக்குத் தெரிய வேண்டும். 40 கிணறு, 2 பருவம், ஒவ்வொன்றும் மும்முறை அளந்தால் 240 அளவீடுகள். ஃபுளோரைடை அளக்கும் மின்முனை, அளக்கும்போது நீரில் சேர்க்கும் தாங்கல் கரைசல், பிளாஸ்டிக் பாட்டில் (ஃபுளோரைடுக்குக் கண்ணாடி வேண்டாம்) எல்லாம் இதிலிருந்துதான் பட்ஜெட்டுக்குப் போகும். இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி ஏற்கத்தக்க வரம்பு லிட்டருக்கு 1.0 மில்லிகிராம், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை. எந்த வரம்போடு ஒப்பிடுகிறீர்கள் என்பதை அங்கேயே எழுதிவிடுங்கள்.

பலரும் சறுக்குவது கால அட்டவணையில். ஆய்வுக்கு ஜூலையில் பதிவு செய்தால் அந்த வருடக் கோடை போயேவிட்டது. வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரியில் ஒரு சுற்று, அடுத்த மே மாதம் இன்னொன்று என்றுதான் போட முடியும். ஆனால் அப்போது இரண்டுக்கும் நடுவில் பருவமழையே இல்லை. மழைக்கு முன், பின் என்று எழுத வேண்டுமானால் மேயில் தொடங்கி அடுத்த ஜனவரியில் முடியுங்கள்.

சுருக்கத்தைக் கடைசியில் எழுதுங்கள்.