போர்டு படிக்க முடிகிறது, வெளிச்சம்தான் கூசுகிறது: கண்புரை ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் கவனிக்க வேண்டியவை

வாலாஜா தாண்டி நெடுஞ்சாலையில் இரவு வண்டி ஓட்டும்போது எதிர் லாரியின் ஹெட்லைட் பட்டதும் சாலையே தெரியவில்லை என்பவர், கண் பரிசோதனையில் போர்டில் 6/9 வரி வரை, அதாவது கிட்டத்தட்ட இயல்பான பார்வை அளவுக்கு, படித்துவிடுவார். இரண்டுமே உண்மை. கண்புரை என்பது கண் லென்ஸில் புரதம் திரண்டு மங்குவது. அப்போது உள்ளே வரும் ஒளி சிதறி, விழித்திரை முழுக்க வெண்மையாகப் பரவுகிறது. மங்கலான அறையில் வெள்ளைப் போர்டில் உள்ள கறுப்பு எழுத்து இதற்குத் தப்பிவிடும். தார்ச்சாலையில் சாம்பல் நிறச் சட்டை போட்டு நடப்பவர் தப்பமாட்டார். அதனால் "பார்வை மங்கல்" என்று மட்டும் டாக்டரிடம் சொன்னால் போதாது.

போவதற்கு முன் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். தேதி கிழிக்கும் காலண்டரை 3 மீட்டர் தள்ளி மாட்டி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை அழுத்தாமல் மூடி, எந்த அளவு எழுத்து வரை தெரிகிறது என்று பாருங்கள். இன்னொருவர் செல்போன் டார்ச்சைக் காலண்டருக்குப் பக்கத்தில், ஒரு கை தூரம் தள்ளிப் பிடித்து உங்கள் பக்கம் திருப்பட்டும். டார்ச்சைப் பார்க்காமல் எழுத்தையே பாருங்கள். எழுத்து வெளுத்துப்போனால், கையை நீட்டி டார்ச்சை மட்டும் மறையுங்கள். உடனே எழுத்து தெளிந்தால் ஒளி சிதறல்தான். அடுத்த கண்ணுக்கும் இதையே செய்யுங்கள். கீறல் விழுந்த மூக்குக் கண்ணாடியும் ஹெல்மெட் வைசரும் இதே தொல்லையைத் தரும், முதலில் அவற்றைப் பாருங்கள்.

எப்போது மோசமாகிறது என்பதும் முக்கியம். வேலூர் மத்தியான வெயிலில் மங்கி, மாலையில் பரவாயில்லை என்றால், புரை லென்ஸின் பின்புறம் நடுவில் இருக்கலாம். வெயிலில் பாப்பா (கண்ணின் நடுவில் ஒளி நுழையும் கறுப்பு வட்டம்) சுருங்கும்போது ஒளி அந்த நடுப்பகுதி வழியாகத்தான் போகும். சர்க்கரை நோயாளிகளிடமும் நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்களிடமும் இந்த வகை அதிகம். கண்ணாடி இல்லாமலே திடீரென்று பேப்பர் படிக்க முடிந்தால் கண் குணமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், புரை முற்றுவதாலும் அப்படி ஆகும்.

வேலூர் ஆரணி சாலையில் உள்ள ஷெல் கண் மருத்துவமனைக்கோ வேறு எங்கோ போனாலும், பாப்பா விரிய மருந்து விடுவார்கள். அதன்பின் சில மணி நேரம் கூசும், பைக் ஓட்டக் கூடாது, துணைக்கு ஆளோடு போங்கள். புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் மாத்திரை சாப்பிடுபவர், எப்போதோ சாப்பிட்டு நிறுத்தியிருந்தாலும், அதைச் சொல்லியே ஆக வேண்டும். அறுவையின்போது பாப்பாவைச் சுற்றியுள்ள திரை (ஐரிஸ்) தளர்ந்து ஆட அது காரணமாகும். இரவு ஓட்டுநர் என்றால் அதையும் சொல்லுங்கள். ஆபரேஷனில் புரை லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைப்பார்கள். அதில் மல்டிஃபோகல் வகை ஒளியைப் பல தூரங்களுக்குப் பிரித்துக் கொடுப்பதால் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியும். ராத்திரி ஸ்டியரிங் பிடிப்பவருக்கு ஒரே தூரத்துக்கான மோனோஃபோகல்தான் நிம்மதி என்பது எங்கள் கருத்து.

ஆபரேஷனுக்குப் பின் சொட்டு மருந்தில் கவனம் தேவை. கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஸ்டீராய்டு மருந்து பால் போல இருந்தால் பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள், குலுக்காவிட்டால் மருந்து அடியிலேயே தங்கிவிடும். கீழ் இமையை இழுத்து ஒரு சொட்டு விட்டு, கண்ணை மூடி, மூக்கோர முனையை 1 நிமிடம் அழுத்துங்கள். அடுத்த மருந்துக்கு 5 நிமிடம் இடைவெளி விடுங்கள்.

முதல் சில நாள் புகைமூட்டமாகத் தெரிவது பெரும்பாலும் கண்ணின் முன்புறத் தெளிந்த படலத்தின் (கார்னியா) வீக்கத்தால்தான், அது வடிந்துவிடும். ஆனால் வலி, சிவப்பு, பார்வை குறைவது இவை கூடிக்கொண்டே போனால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள், கிருமித் தொற்றாக இருக்கலாம்.

நன்றாகத் தெரிந்த கண்ணில் பல மாதமோ வருடமோ கழித்து மறுபடி கூசினால், செயற்கை லென்ஸைத் தாங்கும் மெல்லிய பையின் பின்புறம் மங்கியிருக்கலாம். யாக் லேசரால் அதில் துளை போடுவார்கள். கத்தி இல்லை, சில நிமிட வேலை. மல்டிஃபோகல் வைத்த முதல் நாளிலிருந்தே வளையம் தெரிகிறவர் மட்டும் லேசருக்கு அவசரப்படக் கூடாது. குற்றம் லென்ஸிலேயே இருந்தால் அதை மாற்ற வேண்டி வரும், பையில் துளை விழுந்த பிறகு மாற்றுவது கடினம். லேசருக்குப் பின் மின்னல் வெட்டுவது போலவோ, ஓரத்தில் திரை விழுவது போலவோ தெரிந்தால் விழித்திரை பிரிந்திருக்கலாம், அன்றே காட்டுங்கள்.