சி போடும் முன் ஜாப்லாகைப் பார்

நாகர்கோவிலில் வீட்டிலிருந்தபடியே ஒரு வெளிநாட்டுக் கிடங்கின் ஏஎஸ்/400-ஐ (ஐபிஎம்மின் வணிகக் கம்ப்யூட்டர்) இரவில் கவனித்துக்கொள்கிறேன். போன ஆனியில், ஓட்டின்மேல் மழை கொட்டிக்கொண்டிருந்த இரவு ஒன்றரை மணிக்கு, புதிதாகச் சேர்ந்த தக்கலைப் பையன் கூப்பிட்டான்.

"அக்கா, ஜாப் எம்எஸ்ஜிடபிள்யூவில நிக்குது. சி போட்டிரட்டா?"

"பொறு மக்கா, கையை எடு."

எம்எஸ்ஜிடபிள்யூ என்றால், ஓடிக்கொண்டிருந்த ஜாப் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காக நிற்கிறது என்று பொருள். பதிலாக சி (கேன்சல்) போட்டால் ப்ரோக்ராம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். கமிட்மென்ட் கன்ட்ரோல் (பாதியில் நின்றால் எழுதியதைத் திரும்பப் பெறும் வசதி) இல்லாவிட்டால் அதுவரை எழுதிய ரெக்கார்டுகள் பாதியில் கிடக்கும். முதலில் அந்த ஜாபின் ஜாப்லாகை (அது ஓடியபோது வந்த செய்திகளின் பதிவு) திறந்து எஃப்10 அழுத்துங்கள், விவரமான செய்திகள் வரும். கடைசியில் நிற்கும் ஆர்என்க்யூ0907 என்ற செய்தி வெறும் கேள்விதான். காரணம் அதற்கு முந்தைய வரியில் இருக்கும். எங்களுக்கு அது எம்சிஎச்1202, டெசிமல் டேட்டா எரர். அதன்மேல் கர்சரை வைத்து எஃப்1, பிறகு எஃப்9. எந்த ப்ரோக்ராம், எந்த ஸ்டேட்மென்ட் என்று தெரிந்துவிடும்.

ஃபைலை ஹெக்ஸில் (பைட்டுகளை அப்படியே காட்டும் பதினாறடிமான எண்களில்) பார்த்தோம். எண் இருக்க வேண்டிய பேக்டு ஃபீல்டில் (ஒரு பைட்டில் இரண்டு இலக்கம் அடுக்கும் ஃபீல்டு) 40 40 40. இந்த மெஷினின் எழுத்துக் குறியீட்டில் 40 என்றால் வெறும் இடைவெளி! எண்ணின் குறி இருக்க வேண்டிய கடைசி அரை பைட்டில் 0 நின்றால் மெஷின் அதை எண்ணாகவே ஏற்காது. ஃபார்மட் பார்க்காமல் ஃபைலைக் காப்பி செய்திருந்தார்கள், வேறொன்றுமில்லை.

சரி, நிறுத்தத்தான் வேண்டும் என்றால் சி-க்குப் பதில் டி (டம்ப்) போடுங்கள். அதுவும் நிறுத்தும், ஆனால் க்யூபிபிஜிஎம்டிஎம்பி என்ற ஸ்பூல் ஃபைலில் (பிரின்டுக்குக் காத்திருக்கும் ஃபைல்) அந்த நேரத்து ஃபீல்டு மதிப்புகளை விட்டுவிட்டுப் போகும்.

இந்த மெஷினின் கமாண்டு மொழியான சிஎல்லில் எழுதுபவர்களிடம் ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். தலைப்பிலேயே சிபிஎஃப்0000-க்கு (எல்லா சிபிஎஃப் பிழைகளுக்கும் பொது எண்) ஒரு மான்எம்எஸ்ஜி (பிழையைப் பிடிக்கும் கமாண்டு) போட்டு எல்லாப் பிழையையும் விழுங்காதீர்கள். ஆப்ஜெக்ட் இருக்கிறதா என்று பார்க்கும் கமாண்டுக்கு அடுத்த வரியில் சிபிஎஃப்9801-ஐ (ஆப்ஜெக்ட் இல்லை என்ற பிழை) மட்டும் பிடியுங்கள். உங்களால் சரிசெய்ய முடியாததை சிபிஎஃப்9898 எஸ்கேப் செய்தியாக (வேலை முடியவில்லை என்று சொல்லும் செய்தி), எந்த ஆர்டர் எண் என்பதையும் சேர்த்து, கூப்பிட்ட ப்ரோக்ராமுக்கு அனுப்புங்கள். ஆர்பிஜி என்ற ப்ரோக்ராம் மொழியில் மானிட்டர், ஆன்-எரர் 907 போட்டு இந்த டெசிமல் பிழையைப் பிடித்தாலும் உள்ளே அந்த ஆர்டர் எண்ணை ஒரு எரர் ஃபைலில் எழுதியே ஆக வேண்டும்.

அப்புறம், ஜாப் டிஸ்கிரிப்ஷனில் (ஜாப் எப்படி ஓட வேண்டும் என்ற அமைப்பு) லாக் அளவை 4, 0, செக்எல்விஎல் என்று வையுங்கள், எல்லாச் செய்தியும் விளக்கத்தோடு பதிவாகும். செக்எல்விஎல் இடத்தில் நோலிஸ்ட் என்று விட்டால் ஜாப் ஒழுங்காக முடிந்ததும் லாகும் போய்விடும், காலையில் தேடினால் கிடைக்காது.