சுழற்சி வாந்தி: நல்ல நாட்களில் நாம் செய்யும் தவறுகள்

விடியற்காலை நாலு, ஐந்து மணிக்குக் குழந்தை எழுந்து உட்காரும். முகம் வெளுத்திருக்கும், வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். அப்புறம் வாந்தி. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, வயிற்றில் ஒன்றுமே இல்லாமல் மஞ்சள் நீர் வரும்வரை, ஒரு நாளோ இரண்டு நாளோ. பிறகு திடீரென்று நின்றுவிடும். நின்ற கொஞ்ச நேரத்தில் தோசை கேட்கும். மூன்று வாரமோ இரண்டு மாதமோ கழித்து, அதே நேரத்தில், அதே வரிசையில் மறுபடியும் தொடங்கும்.

என் மகளுக்கு இது ஐந்து வயதில் ஆரம்பித்தது. ‘சைக்ளிக் வாமிட்டிங் சிண்ட்ரோம்’, அதாவது சுழற்சி வாந்தி நோய் என்ற பெயர் எங்கள் கைக்குக் கிடைத்தபோது அவளுக்கு ஏழு வயது. அதற்கு முன்பும் பின்பும் நாங்கள் செய்த தவறுகளை இப்போது எண்ணிப் பார்த்தால், பாதிக்கு மேல் அவள் ஓடியாடி விளையாடிய நாட்களில் செய்தவை. வாந்தி நின்றதும் விட்டது சனியன் என்று மறந்துவிட்டோம். தடுப்பு என்று ஒன்று இருந்தால் அது அந்த நாட்களில்தான் இருக்கிறது.

முதல் தவறு, ஒவ்வொரு தடவைக்கும் புதுக் காரணம் கண்டுபிடிப்பது. முதல் தடவை கல்யாண வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றோம். அடுத்தது ரயில் பயணம். அதற்கடுத்தது திருஷ்டி. பாட்டி தொக்கம் எடுக்கக் கூட்டிப்போனார், குடல் தட்டிவிட்டார்கள், பூச்சி மருந்து கொடுத்தோம். தொக்கம் எடுத்த மறுநாள் வாந்தி நின்றது, எடுக்காமல் இருந்தாலும் அன்றைக்கு நின்றிருக்கும். மருத்துவரும் மாறிக்கொண்டே இருந்ததால், ஒவ்வொருவருக்கும் அது வெறும் ஒரு நாள் வயிற்றுப்போக்கில்லாத வயிற்றுக் கோளாறு. எல்லாத் தடவையையும் ஒரே தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தவர் யாருமில்லை, நாங்கள் உட்பட.

அந்தத் தாள்தான் நோயைக் கண்டுபிடிக்கும் கருவி. ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதை உறுதி செய்யாது, மற்றவற்றை விலக்க மட்டுமே உதவும். 1882இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ இந்தக் குழந்தைகளைப் பற்றி எழுதியபோது அவரிடம் இருந்ததும் வாந்தி வந்து போன வரலாறு மட்டும்தான். 2008இல் வட அமெரிக்கக் குழந்தைகள் இரைப்பை குடல் மருத்துவர் சங்கம் வகுத்த அளவுகோலும் அப்படியே: இப்படி வாந்தி வந்து போனது மொத்தத்தில் ஐந்து தடவை, அல்லது ஆறு மாதத்தில் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் முதல் 10 நாள் வரை, ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவே குறைந்தது ஒரு வாரம், வரும்போது மணிக்கு நான்கு முறைக்குக் குறையாத வாந்தி ஒரு மணி நேரமாவது, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி, நடுவில் குழந்தை முழு நலம், வேறு நோய் காரணமில்லை. இதில் பெரும்பகுதியைப் பெற்றோர்தான் சொல்ல முடியும். தொடங்கிய நேரம், எத்தனை முறை, எப்போது நின்றது, முந்தின நாள் என்ன நடந்தது, எப்போது தூங்கினாள். இவ்வளவு போதும். ‘சுழற்சி’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு காலண்டரில் முப்பது நாள் எண்ணாதீர்கள். சிலருக்கு நாள் பிசகாமல் வரும், பலருக்கு வராது.

பெயர் கிடைத்த பிறகு இதற்கு நேர்மாறான தவறு வரும். எந்த வாந்தி வந்தாலும் ‘அதுதான், இரண்டு நாளில் நின்றுவிடும்’ என்று வீட்டில் வைத்துக்கொள்வது. குடல் முறுக்கிக்கொண்டாலும், சிறுநீரகத்தில் அடைப்பு வந்தாலும், மூளையில் கட்டி இருந்தாலும், முதன்முதலாகச் சர்க்கரை நோய் வெளிப்பட்டாலும் வாந்தி இருக்கும். பச்சை நிற வாந்தி, தொட்டாலே வலிக்கும் வயிறு, ரத்தம், காலையில் எழுந்ததும் வரும் கடுமையான தலைவலி, நடையில் தள்ளாட்டம், மயக்கம், சிறுநீரே போகாமல் இருப்பது, வழக்கமான வரிசையிலிருந்து மாறிப்போன வாந்தி: இவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனைதான். இந்த நோயிலும் பித்தம் கலந்து பச்சையாக வரலாம். ஆனால் அதைத் தீர்மானிப்பது நம் வேலையில்லை. குழந்தைக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை என்றாலோ, சாப்பிடாமல் இருந்தாலே வாந்தி தொடங்கினாலோ, வளர்சிதை மாற்றக் கோளாறு (உடல் உணவைச் சக்தியாக மாற்றுவதில் உள்ள பிறவிக் குறை) இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்கான ரத்தத்தை டிரிப்ஸ் ஏற்றுவதற்கு முன்பே எடுக்க வேண்டும். ஏற்றிய பிறகு எடுத்தால் தடயம் கரைந்துபோயிருக்கும்.

வாந்தி நாளைப் பற்றிச் சுருக்கமாக. எச்சில் ஊறி முகம் வெளுக்கும் அந்த அரை மணி நேரம்தான் மருந்து உள்ளே நிற்கும் நேரம். ‘பார்ப்போம், தானாகப் போகலாம்’ என்று அதை வீணாக்குவது பெரிய இழப்பு. வாந்தியை அடக்கும், நாக்கில் கரையும் ஒன்டான்செட்ரான் மாத்திரை எவ்வளவு, எத்தனை மணிக்கொருமுறை என்பதை நல்ல நாளிலேயே மருத்துவரிடம் எழுதி வாங்கி வைத்திருக்க வேண்டும். கூடவே ஒரு கடிதமும்: நோயின் பெயர், எடை, ஏற்ற வேண்டிய சர்க்கரை கலந்த டிரிப்ஸ், மருந்து அளவு, வெளிச்சமும் சத்தமும் இல்லாத அறை. ஒரு மருத்துவமனையில் என் மகள் டியூப் லைட்டுக்குக் கீழே நடைபாதையில் மூன்று மணி நேரம் படுத்திருந்தாள். நான் பதினைந்தாவது தடவையாக முதலிலிருந்து கதை சொல்லிக்கொண்டிருந்தேன். கடிதம் வந்த பிறகு அந்தக் கதை நின்றது.

சில குழந்தைகள் வாந்திக்கு நடுவே மடமடவென்று தண்ணீர் குடித்துவிட்டு உடனே வாந்தி எடுப்பார்கள். வேண்டுமென்றே செய்கிறது, பள்ளிக்குப் போகாமலிருக்க நடிப்பு என்று திட்டு விழும். வெறும் பித்தம் தொண்டையை எரிக்கிறது, தண்ணீரோடு வந்தால் எரிச்சல் குறைகிறது என்று குழந்தை கண்டுகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது, வாந்தி வராமலே தடுக்கும் மருந்து. மாதத்துக்கு ஒன்றுக்கு மேல் வந்தாலோ, வரும்போதெல்லாம் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தாலோ தினசரி மருந்து எழுதுவார்கள். இங்கேதான் வேடிக்கை. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் சைப்ரோஹெப்டாடின். மருந்துக்கடைத் தம்பி அதை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, “என்னக்கா, பாப்பா சரியா சாப்பிடறதில்லையா?” என்று கேட்பார். நம் ஊரில் அது பசி டானிக். ஐந்து வயதுக்கு மேல் அமிட்ரிப்டிலின். இணையத்தில் தேடினால் மனச்சோர்வு மாத்திரை என்று வரும். ப்ரோப்ரனலால் கொடுத்தால் ‘குழந்தைக்கு எதுக்கு பி.பி. மாத்திரை?’ என்று மாமனார் கேட்பார். டோபிராமேட் என்றால் வலிப்பு மருந்து. நாலும் ஒற்றைத் தலைவலியைத் தடுக்கவும் கொடுக்கப்படுகிற மருந்துகள். இந்த வாந்தி ஒற்றைத் தலைவலியின் நெருங்கிய சொந்தம், குடும்பத்தில் யாருக்காவது, பெரும்பாலும் அம்மா வழியில், தலைவலி இருக்கும். எனக்கே இருக்கிறது. ஆனால் நாங்கள் அமிட்ரிப்டிலினை இணையத்தைப் படித்துவிட்டுப் பத்தாம் நாள் நிறுத்தினோம். அது குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றி, பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் மருந்து. தொடங்குமுன் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். ப்ரோப்ரனலால் ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு ஆகாது, அதைச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. நாலு மாதம் வாந்தி வரவில்லையே என்று நீங்களாக நிறுத்தினால், வராததற்குக் காரணமே அந்த மருந்தாக இருக்கலாம்.

மருந்தோடு சேர்ந்து வேலை செய்வது தூக்கமும் நேரத்துக்குச் சாப்பாடும். இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டு, காலையில் பாலை மட்டும் குடித்துவிட்டு வேன் ஏறும் குழந்தைக்குப் பன்னிரண்டு மணி நேரம் பட்டினி. படுக்கும் முன் ஒரு வாழைப்பழமோ இரண்டு பிஸ்கட்டோ, காலையில் கட்டாயம் ஒரு இட்லியாவது. சாக்லேட், சீஸ், அஜினோமோட்டோ ஆகியவை சிலருக்குத் தூண்டுதல். உங்கள் தாளில் அது தெரிந்தால் நிறுத்துங்கள். தெரியாமலே பத்துப் பண்டத்தைத் தடை செய்வது குழந்தையைத் தண்டிப்பது.

கவலை தூண்டும் என்று எல்லாருக்கும் தெரியும், பரீட்சை வாரத்தில் கவனமாக இருப்போம். சந்தோஷமும் தூண்டும் என்பதுதான் எங்களுக்குப் புரியவே இல்லை. பிறந்த நாள், தீபாவளிக்கு முந்தின இரவு, ஊர்த் திருவிழா. கொண்டாட்டத்தை ரத்து செய்யத் தேவையில்லை. ஒரு மாதம் முன்பே நாள் எண்ண வைக்காமல், இரண்டு நாள் முன்பு சொன்னோம். திருவிழா இரவில் பத்து மணிக்குத் தூங்க வைத்தோம். பேருந்தில் குலுக்கல் குறைந்த முன் இருக்கை. நல்ல வித்தியாசம் தெரிந்தது.

வளர்ந்தால் சரியாகிவிடுமா? பல குழந்தைகளுக்குப் பதின்பருவத்துக்குள் நின்றுவிடுகிறது. அதை நம்பி மருந்தில்லாமல் காத்திருப்பது ஒரு தவறு, அதற்குள் எத்தனை பள்ளி நாட்கள், எத்தனை டிரிப்ஸ். ஆயுளுக்கும் இதுதான் என்று இடிந்துபோவதும் தவறு. சிலருக்குப் பெரியவர்களான பிறகும் தொடர்கிறது, சிலருக்கு வாந்தி நின்ற இடத்தில் ஒற்றைத் தலைவலி வந்து உட்காருகிறது. பருவமடைந்த பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டி வரலாம், தாளில் அந்தத் தேதியையும் குறியுங்கள்.

என் மகளுக்குக் கடைசி வாந்தி பதினோரு வயதில். போன மாதம் பள்ளி விட்டு வந்தவள் பையைக் கீழே போட்டுவிட்டு, “அம்மா, லைட்டை ஆஃப் பண்ணு, ஒரு பக்கம் மட்டும் விண்ணு விண்ணுன்னு இடிக்குது” என்றாள். அலமாரியிலிருந்து பழைய நோட்டை எடுத்து, புதுப் பக்கத்தில் தேதியை எழுதினேன்.