தடுப்பாட்டக்காரரை எடைபோடும்போது நாம் செய்யும் தவறுகள்

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில், தடுப்பாட்டக்காரர் புரூஸ் போவன் ஆட்டத்துக்குச் சராசரியாக எடுத்தது 6 புள்ளிதான். ஆனால் அவருடைய அணியான சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் 2003, 2005, 2007ஆம் ஆண்டுகளில் கோப்பையை வென்றபோது தொடக்க ஐவரில் அவர் இருந்தார். புள்ளிக் கணக்கை மட்டும் பார்க்கிறவருக்கு இது புரியாது. அதுதான் முதல் தவறு, எல்லோரும் செய்வது.

இதைத் தாண்டி வந்தவர்கள் அடுத்து ஸ்டீல் (பந்தைப் பறிப்பது), பிளாக் (எறிந்த பந்தைத் தட்டிவிடுவது) எண்ணிக்கையில் போய் மாட்டிக்கொள்கிறார்கள். பந்தைத் தட்டிப் பறிக்கப் பாய்கிறவர் இரண்டு முறை பறிப்பார், நான்கு முறை ஏமாந்து பின்னால் நிற்பார். அந்த நான்கும் எந்தப் புள்ளிவிவரக் கட்டத்திலும் ஏறாது. நல்ல தடுப்பாட்டம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: எதிரணி நட்சத்திரத்துக்காக ஒருவர் ஸ்க்ரீன் வைக்கிறார், அதாவது நம் ஆளின் வழியை மறித்து நிற்கிறார், நம் ஆள் தோளைச் சாய்த்து அவரை ஒட்டியே நுழைந்து திரும்பவும் முன்னால் வந்து நிற்கிறார், எறிவதற்கான நேரக் கெடுவான ஷாட் கிளாக்கில் 7 நொடி மிச்சம், நட்சத்திரம் வேறு வழியில்லாமல் பந்தை வேறொருவரிடம் தள்ளுகிறார். நம் ஆள் பெயரில் எதுவும் பதிவாகாது. ஒரு கால்பகுதி முழுக்கப் பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பாருங்கள், தெரியும்.

அடுத்தது ரசிகர்கள் மட்டுமல்ல, ஆட்டக்காரர்களே செய்யும் தவறு. என் கணக்கில் இதுதான் பெரியது: “டிஃபென்ஸ் நன்றாக ஆடினால் போதும், ஷூட்டிங் எதற்கு?”

2015 பிளே-ஆஃபில் (சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் தொடர்கள்) கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிராக மெம்பிஸ் அணி 2-1 என முன்னிலையில் இருந்தது. மெம்பிஸின் தடுப்பாட்டக்காரர் டோனி ஆலன் கோல்டன் ஸ்டேட் ஷூட்டர்களைப் படாத பாடு படுத்திக்கொண்டிருந்தார். நான்காவது ஆட்டத்தில் கோல்டன் ஸ்டேட் தன் சென்டர் (வளையத்தடியில் ஆடும் உயரமானவர்) ஆண்ட்ரூ போகட்டை ஆலனுக்கு எதிரே போட்டது. போகட் அவர் அருகில்கூடப் போகவில்லை. ஆலனை வெளியே தனியாக விட்டுவிட்டு வளையத்தடியிலேயே நின்றுகொண்டார். ஆலன் எறிந்தது சரியாக விழவில்லை, மெம்பிஸின் உயரமான ஆட்டக்காரர்களுக்கு உள்ளே இடமும் இல்லை. தொடர் 4-2 என்று கைவிட்டுப் போனது. ஆலனுக்குத் தொடைத்தசைக் காயமும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அந்த உத்தி எல்லா அணிகளுக்கும் பாடமாகிவிட்டது.

போவன் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். கார்னர். மூன்று புள்ளிக் கோடு வளையத்துக்கு நேர் எதிரே 23 அடி 9 அங்குலம், மூலையில் 22 அடி. அந்த ஒரே இடத்தைப் பழகிக்கொண்டார். 2002-03 சீசனில் மூன்று புள்ளி ஷாட்டில் 44.1 சதவீதம், லீக்கிலேயே முதலிடம். அதே சீசனில், ஃபவுலுக்குப் பிறகு யாரும் தடுக்காமல் எறியும் ஃப்ரீ த்ரோவில் அவர் 40.4 சதவீதம்! பொதுவாக நல்ல ஷூட்டர் என்று அவரைச் சொல்லவே முடியாது. தேவையான ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டார், அவ்வளவுதான்.

அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டை வைத்து முடிவு கட்டுவதும் வேண்டாம். போவனை டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை. பி.ஜே. டக்கர் 2006இல் 35ஆவதாகத் தேர்வானார், டொரண்டோவில் 17 ஆட்டம் ஆடினார், அப்புறம் இஸ்ரேல், ஜெர்மனி என்று வெளிநாடுகளில் சுற்றிவிட்டு 2012இல்தான் ஃபீனிக்ஸ் வழியாக என்.பி.ஏ.வுக்குத் திரும்பினார். 2021இல் மில்வாக்கியோடு கோப்பை.

பல நிலைகளில் ஆடுகிறவர்களைத் தடுக்க உயரம் வேண்டும் என்பதும் பாதி உண்மைதான். 2025 பிளே-ஆஃபில், டென்வருக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில், ஓக்லஹோமா சிட்டியின் 6 அடி 5 அங்குல அலெக்ஸ் கருசோ 6 அடி 11 அங்குல நிகோலா யோகிச்சைத் தடுத்தார். பந்து கைக்கு வந்தபின் யோகிச்சை நிறுத்துவது கடினம். அதனால் வருவதற்கு முன்பே முன்னால் புகுந்து, பாஸ் போகும் வழியை அடைத்துக்கொண்டே இருந்தார். ஓக்லஹோமா சிட்டி 125-93 என வென்றது.

கடைசியாக, முரட்டுத்தனத்தை டிஃபென்ஸ் என்று நினைப்பது. ஷாட் எறிந்துவிட்டுக் கீழிறங்குகிறவரின் காலடியில் தன் பாதத்தை வைக்கிறார் என்று போவன் மீது கடைசிவரை புகார் இருந்தது. 2017-18 சீசனிலிருந்து, இறங்க இடம் விடாமல் அலட்சியமாக உள்ளே புகுந்தால் நடுவர் அதைக் கடுந்தண்டனைக்குரிய ஃபிளாக்ரன்ட் ஃபவுலாகவே உயர்த்தலாம். போவனை ஆராதிக்கும் இளம் ஆட்டக்காரர்கள் அவருடைய கார்னர் ஷாட்டை எடுத்துக்கொண்டு இதை விட்டுவிடலாம்.