‘கெட்’ என்றால் ‘பெறு’ என்று மட்டும் படித்துவிட்டு நாம் செய்யும் தவறுகள்

பல் பிடுங்கிய மறுநாள் அலுவலக அழைப்பு ஒன்றில் என் பேச்சு குழறியது. மறுமுனையில் இருந்தவருக்கு ஆங்கிலம்தான் தாய்மொழி. என்ன ஆச்சு என்று கேட்டார். “ஐ புல்டு அவுட் மை டூத் யெஸ்டர்டே” என்றேன். சற்று நேரம் சத்தமே இல்லை. அப்புறம் தயங்கித் தயங்கி, “யுவர்செல்ஃப்?” என்றார். நானே குறடு எடுத்துவைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் உட்கார்ந்துவிட்டதாக நினைத்திருக்கிறார், பாவம்.

தமிழில் “பல் பிடுங்கினேன்”, “முடி வெட்டினேன்”, “வீடு கட்டினேன்” என்று சொன்னால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். மருத்துவரும் முடிதிருத்துபவரும் கொத்தனாரும் அந்த வாக்கியத்துக்குள் ஒளிந்திருப்பது கேட்பவருக்குத் தெரியும். ஆங்கிலம் பெரும்பாலும் அப்படி ஒளித்துவைக்க விடாது. அடுத்தவர் கையால் நடந்ததென்றால் சொல்லியாக வேண்டும்: “ஐ காட் மை டூத் புல்டு அவுட்”, “ஐ காட் மை ஹேர் கட்”. காட் (‘கெட்’ என்பதன் இறந்தகாலம்), அப்புறம் பொருள், அப்புறம் வினையின் மூன்றாம் வடிவம். இந்த வரிசை மாறக்கூடாது. “ஐ காட் கட் மை ஹேர்” என்று பலர் சொல்கிறார்கள். அது வாக்கியமே இல்லை.

ஆளை வைத்து வேலை வாங்கும்போது வேறொரு பள்ளம் இருக்கிறது. “ஐ மேட் ஹிம் க்ளீன் த ரூம்” சரி, “ஐ ஹேட் ஹிம் க்ளீன் த ரூம்” சரி. ஆனால் ‘கெட்’ வந்தால் நடுவில் ஒரு ‘டு’ கேட்கும்: “ஐ காட் ஹிம் டு க்ளீன் த ரூம்”. பொருளும் கொஞ்சம் மாறும். ‘மேட்’ என்றால் கட்டாயப்படுத்தியது. ‘ஹேட்’ என்றால் சொன்னேன், செய்தார், அவ்வளவுதான். ‘காட்’ என்றால் கெஞ்சியோ தாஜா செய்தோ ஒருவழியாகச் செய்யவைத்தது.

இத்தனைக்கும் மூலகாரணம் ஒன்றே என்பது என் கட்சி. ‘கெட்’ என்ற சொல்லைப் பள்ளியில் ‘பெறு’ என்று எழுதி மனப்பாடம் செய்தோம். தப்பில்லை, ஆனால் பாதிதான். முழுச்சொல் தமிழிலேயே இருக்கிறது: ‘அடை’. பரிசை அடைந்தான், ஊரை அடைந்தான், சோர்வடைந்தான். பொருள், இடம், நிலை என மூன்றுக்கும் ஒரே வினை. ‘கெட்’ செய்வதும் இதையேதான். இல்லாத இடத்திலிருந்து இருக்கும் இடத்துக்கு வந்து சேர்வது.

சொல்லின் பூர்விகமும் இதற்கு ஒத்துவருகிறது. இது ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு இல்லை. ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியின் ‘கெட்டா’ என்ற வினையிலிருந்து வந்தது. அடைவது, எட்டுவது, பிள்ளை பெறுவது, ஊகிப்பது எல்லாம் அதில் அடக்கம். கி.பி. 793இல் லிண்டிஸ்ஃபார்ன் தீவு மடாலயத்தைக் கொள்ளையடித்ததில் தொடங்கி, பிறகு வடக்கு, கிழக்கு இங்கிலாந்தில் குடியேறித் தங்கிவிட்ட அந்த ஆட்களின் பேச்சு அக்கம்பக்கத்து ஆங்கிலத்தோடு கலந்தது. ‘டேக்’, ‘எக்’, ‘விண்டோ’, ‘நைஃப்’, ஏன், ‘தே’ என்ற பிரதிப்பெயர் கூட அவர்கள் கொடுத்ததுதான். ‘கெட்’ எழுத்தில் காணக் கிடைப்பது சுமார் 1200இலிருந்து.

அதற்கு முன் ஆங்கிலத்தில் இதன் பங்காளிச் சொல் ஒன்று இருந்தது. தனியாக வராது, முன்னொட்டோடுதான் வரும். ‘ஃபர்கெட்’, ‘பிகெட்’ இரண்டும் அந்த வம்சம். பழைய ஆங்கிலத்தில் ‘ஃபர்கெட்’ என்பதில் ‘க’ ஒலி கிடையாது. அந்த இடத்தில் ‘ய’ ஒலித்தது. நார்ஸ் ‘கெட்’ வந்து ஊன்றிய பிறகு அதன் வல்லோசை இதற்கும் தொற்றிக்கொண்டது. ‘பிகெட்’ என்றால் பிள்ளைக்குத் தந்தையாவது. ‘பெற்றோர்’ என்ற நம் சொல்லைப் பாருங்கள். பொருளைப் பெறுவதற்கும் பிள்ளையைப் பெறுவதற்கும் ஒரே வினை போதும் என்று, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு மொழிக் குடும்பங்களுக்குத் தோன்றியிருக்கிறது.

இன்னும் பின்னால் போனால் லத்தீனில் ஒரு தூரத்து உறவு: ‘பிரெஹெண்டெரெ’, பற்றிப் பிடிப்பது. அதிலிருந்துதான் ‘காம்ப்ரெஹெண்ட்’, புரிந்துகொள்வது. “எனக்குப் பிடிபடவில்லை” என்று நாம் சொல்வதும் “ஐ டோன்ட் கெட் இட்” என்று அவர்கள் சொல்வதும் ஒரே பாதையில் வந்தவை. இங்கே ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். “ஐ ஆம் நாட் கெட்டிங் இட்” என்று ‘இங்’ போடும் பழக்கம் நம்மிடம் நிறைய. புரிவது என்ற பொருளில் ‘ஐ டோன்ட் கெட் இட்’தான் இயல்பு. போனில் குரல் விட்டுவிட்டு வந்தால் “ஐ ஆம் நாட் கெட்டிங் யூ” என்கிறோம். “ஐ டிட்ன்ட் கெட் தட்” என்றால் போதும். “ஐ டோன்ட் கெட் யூ” என்றால் நீ எப்படிப்பட்ட ஆளென்றே எனக்குப் புரியவில்லை என்ற அர்த்தமும் வரும், ஜாக்கிரதை.

சரி, ‘நிலை’ என்று சொன்னேனே, அதிகம் வழுக்குவது அங்கேதான். தமிழில் கோபம் வருகிறது, பசி வருகிறது, தூக்கம் வருகிறது. எல்லாம் பெயர்ச்சொல். அவை எங்கிருந்தோ கிளம்பி நம்மிடம் வருகின்றன. நாம் சும்மா ‘எனக்கு’ என்று நின்றுகொண்டிருக்கிறோம். ஆங்கிலத்தில் நாம்தான் நடந்துபோய் அந்த நிலையை அடைய வேண்டும், நிலையைச் சொல்ல உரிச்சொல் வேண்டும். ‘ஐ காட் ஆங்கர்’ இல்லை, ‘ஐ காட் ஆங்ரி’. ‘கெட் ஹங்கர்’ இல்லை, ‘கெட் ஹங்ரி’. இந்த வகையில் முதல் பரிசு “டோன்ட் கெட் டென்ஷன்” என்பதற்குத்தான். “டென்ஷன் ஆகாதே” என்பது நல்ல தமிழாகவே ஆகிவிட்டது. அதை அப்படியே திருப்பி ஆங்கிலத்துக்கு அனுப்பினால் எடுபடாது. “டோன்ட் கெட் டென்ஸ்” என்னலாம், “ரிலாக்ஸ்” என்றால் இன்னும் நல்லது. “ஐ ஆம் நாட் கெட்டிங் ஸ்லீப்” என்பதும் இதே ரகம். “ஐ கான்ட் ஸ்லீப்” என்று முடித்துக்கொள்ளுங்கள். நோய்க்கு மட்டும் விதிவிலக்கு: ‘காட் எ ஹெடேக்’, ‘காட் எ கோல்ட்’ என்று பெயர்ச்சொல்லே வரும், இந்த இரண்டுக்கும் முன்னால் ஒரு ‘எ’ சேர்த்து.

இடத்துக்கு வருவோம். ‘கெட் டு த ஸ்டேஷன்’ உண்டு, ‘கெட் டு ஹோம்’ கிடையாது. ‘ஹோம்’, ‘ஹியர்’, ‘தேர்’ மூன்றுக்கும் ‘டு’ ஒட்டாது. பேருந்திலிருந்து இறங்குவதை ‘கெட் டவுன்’ என்கிறோம், ‘இறங்கு’ என்றால் கீழேதானே என்ற நியாயத்தில். ஆங்கிலத்தில் அது ‘கெட் ஆஃப்’. ‘கெட் டவுன்!’ என்று பேருந்துக்குள் கத்தினால், துப்பாக்கிச் சூடு நடக்கிறது, குனியுங்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். காருக்கு ‘கெட் அவுட் ஆஃப்’. ஏன் இந்தப் பாகுபாடு? உள்ளே எழுந்து நடக்க முடிகிற வண்டி, அல்லது மேலே ஏறி உட்கார்கிற வண்டி என்றால் ‘ஆன்’, ‘ஆஃப்’. பேருந்து, ரயில், விமானம், சைக்கிள், குதிரை எல்லாம் இதில் சேரும். குனிந்து நுழைந்து உட்கார மட்டும் முடிகிற கார், டாக்சி என்றால் ‘இன்’, ‘அவுட்’. ஏறக்குறைய எப்போதும் பொருந்தும்.

ஒரு சின்ன ஒலியால் தலைகீழாகிற ஜோடி ஒன்று உண்டு. “ஐ காட் டு சீ ஹர்” என்றால் அவரைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. “ஐவ் காட் டு சீ ஹர்” என்றால் அவரைப் பார்த்தே ஆக வேண்டும். முன்னது நடந்து முடிந்த சந்தோஷம், பின்னது இனிமேல்தான் இருக்கிற கடமை. பேச்சில் அந்த ‘வ்’ தேய்ந்து ‘காட்டா’ ஆகிவிடும். எழுதும்போது தேய விடாதீர்கள். இதன் பக்கத்திலேயே “ஐ காட் டு நோ தட் ஹி ரிசைன்ட்” என்ற வாக்கியத்தையும் வைக்கலாம். தெரியவந்தது என்று சொல்ல நினைக்கிறோம்; அதற்கு ‘ஐ ஃபவுண்ட் அவுட்’ போதும். ‘கெட் டு நோ’ என்பது ஒருவரோடு பழகிப் பழகி அறிந்துகொள்வது.

‘காட்’ போட்டு எழுதும் செயப்பாட்டு வினையிலும் அளவு பார்க்க வேண்டும். ‘காட் காட்’ என்றால் மாட்டிக்கொண்டான் (தமிழில் எழுதினால் ஒன்றானாலும் இரண்டாவது ‘கேட்ச்’ என்பதன் மூன்றாம் வடிவம்), ‘காட் ஃபயர்ட்’ என்றால் வேலை போனது. அடிபடுவது, மாட்டிக்கொள்வது, எப்படியோ நடந்துவிடுவது போன்றவற்றுக்கு இது அளவெடுத்துத் தைத்தது. ஆனால் ஈஃபில் கோபுரம் 1889இல் ‘காட் பில்ட்’ என்று எழுதினால் ஏதோ விபத்தில் முளைத்தது போல ஒலிக்கும். அங்கே ‘வாஸ் பில்ட்’.

கடைசியாக, ‘காட்டன்’. பருத்தி இல்லை, ‘கெட்’ என்பதன் மூன்றாம் வடிவம். அமெரிக்கர்கள் சொன்னால் தவறு என்று திருத்தப் போகாதீர்கள். அதுதான் பழையது. 17ஆம் நூற்றாண்டில் கப்பலேறிப் போனவர்களோடு அமெரிக்காவுக்குப் போய் அங்கே பிழைத்துக்கொண்டது. பிரிட்டனில் பிற்பாடு வழக்கொழிந்து ‘காட்’ மட்டும் மிஞ்சியது. அமெரிக்கர்கள் இரண்டையும் வைத்துக்கொண்டு வேலையைப் பிரித்துவிட்டார்கள்: ‘ஐவ் காட் எ கார்’ என்றால் கார் இருக்கிறது, ‘ஐவ் காட்டன் எ கார்’ என்றால் கார் வாங்கிவிட்டேன். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் எழுதுகிறவர் ‘காட்’ என்றே எழுதலாம், ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி. ‘காட்டன்’ எங்களுடையது இல்லை என்று சொல்லும் பிரிட்டிஷ்காரரும் ‘ஃபர்காட்டன்’ என்றுதான் சொல்கிறார்.