ஐரிஸைக் கலக்கும் முன் குரோமோசோமைப் பாருங்கள்

நிறத்தை மட்டும் பார்த்து ஐரிஸ் பூச்செடிகளை ஜோடி சேர்க்காதீர்கள். இன்றைய உயரமான தாடி ஐரிஸ்களில் (கீழ் இதழ்களில் தாடிபோல் மயிர் உள்ளவை) பெரும்பாலானவற்றுக்கு 48 குரோமோசோம்கள், பூமிலா என்ற குட்டையான ஐரிஸ் இனத்துக்கு 32. இரண்டையும் கலந்தால் பாதிக்குப் பாதி, 24-உம் 16-உம் சேர்ந்து 40 வரும், அந்தப் பிள்ளைகள் நன்றாகவே விதை கட்டும். ஸ்டாண்டர்ட் ட்வார்ஃப் என்ற குட்டை ஐரிஸ் வகையே இப்படிப் பிறந்ததுதான், எனக்கு இதைவிட அழகான கணக்கு தெரியாது! ஆனால் அந்த 40-ஐ மறுபடி 48-உடன் சேர்த்தால் 44 ஆகிவிடும், பூ கொள்ளை அழகு, விதைதான் அபூர்வம்.

காய் பருத்துவிட்டதே என்று நம்பிவிடவும் வேண்டாம், உள்ளே பதராக இருக்கலாம். நுனி பழுப்பாகி லேசாக வெடிக்கும்போது பறித்து, விதையை அழுத்திப் பாருங்கள், கெட்டியாக இருக்க வேண்டும்.

அப்புறம் முளைப்பு. விதையிலேயே முளைப்பைத் தடுக்கும் பொருள் இருக்கிறது, அதனால் ஒரு வாரம், பத்து நாள் தண்ணீரில் ஊறப்போட்டு தினமும் தண்ணீரை மாற்றுங்கள். பிறகு ஈரமான வெர்மிகுலைட்டில் (ஈரம் பிடித்து வைக்கும் லேசான கனிமத் துகள்) கலந்து ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று மாதம், ஃப்ரீஸரில் அல்ல. முதல் வசந்தத்தில் ஒன்றும் தலைகாட்டாவிட்டாலும் தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள், சில விதைகள் அடுத்த வசந்தத்தில்தான் எழும்பும்.